ஏ. ஜே. பி. டெய்லருக்கு ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பதவி ஏன் கிடைக்கவில்லை?

வைகறை (கேள்வி)

முதுகலை வரலாற்றின் இறுதிப் பருவத்தில், வரலாற்றாசிரியர்களைப் பற்றிய தாளுக்காக ஏ. ஜே. பி. டெய்லரின் கல்விப்பணி குறித்து ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பிய வல்லரசுகளின் அரசுறவு வரலாற்றில் அவருடைய பெயரைத் தவிர்த்துவிட்டு எதையும் எழுத முடியாது என்பது தெரிகிறது. ஆனால் அவருடைய பணிவாழ்க்கையை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓரிடத்தில் புதிராக இருக்கிறது.

நான் திரட்டிய வரையில்: 1906-ல் லங்காஷயரில் பருத்தி வணிகம் செய்த வசதியான இடதுசாரிக் குடும்பத்தில் பிறந்தார், யார்க் நகரின் பூத்தம் பள்ளியில் படித்தார், ஆக்ஸ்போர்டு ஓரியல் கல்லூரியில் 1927-ல் முதல் வகுப்பில் தேறினார், வியன்னாவில் இரண்டாண்டு ஆய்வுக்குப் பின் 1930-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார், 1938-ல் ஆக்ஸ்போர்டின் மாக்டலன் கல்லூரிக்கு வந்து 1976-ல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். அந்த 38 ஆண்டுகளில் அவருக்கு ஆக்ஸ்போர்டு ஒரு பேராசிரியர் இருக்கையைக்கூடத் தரவில்லை.

இதற்கு மூன்று விளக்கங்கள் கண்ணில் படுகின்றன. 1961-ல் வெளிவந்த ‘இரண்டாம் உலகப் போரின் தோற்றுவாய்கள்’ என்ற நூல் ஹிட்லரை நியாயப்படுத்துவதாகக் கருதப்பட்டதால் அவர் ஒதுக்கப்பட்டார் என்பது ஒன்று. தொலைக்காட்சியிலும் மலிவு நாளிதழ்களிலும் அவர் தோன்றியதைச் சக ஆசிரியர்கள் ஏற்கவில்லை என்பது இன்னொன்று. அவருடைய அரசியல்தான் காரணம் என்பது மூன்றாவது. இவற்றில் எதை நம்பலாம்? கட்டுரையின் மையமாக 1961 நூலை வைப்பதா, 1954-ல் வந்த ‘ஐரோப்பாவில் மேலாதிக்கத்துக்கான போராட்டம் 1848–1918’ நூலை வைப்பதா என்பதிலும் எனக்குத் தெளிவு தேவைப்படுகிறது.

ஏடகம்

முதல் விளக்கத்தை ஆண்டுக் கணக்கே தள்ளுபடி செய்துவிடுகிறது. டெய்லருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவிய பதவி ஆக்ஸ்போர்டின் ரீஜியஸ் வரலாற்றுப் பேராசிரியர் பதவி. விவியன் கால்பிரெய்த் ஓய்வு பெற்றதையொட்டி 1957-ல் அது மற்றொரு வரலாற்றாசிரியரான ஹ்யூ ட்ரெவர்-ரோப்பருக்குப் போயிற்று. சர்ச்சைக்குரிய நூல் வெளிவந்ததோ அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. ஆகவே அந்த நூலால்தான் அவர் பேராசிரியராகவில்லை என்று எழுதுவதற்கு இடமில்லை.

அந்த நியமனத்தின் நடைமுறையைக் கட்டுரையில் விளக்குவது நல்லது. ரீஜியஸ் பேராசிரியர் அக்காலத்தில் அரசியின் பெயரால், பிரதமரின் பரிந்துரைப்படி நியமிக்கப்பட்டவர். பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு முடிவு செய்யும் இருக்கை அல்ல அது. 1957-ல் பிரதமர் ஹரோல்ட் மாக்மில்லன். அவர் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர் என்பதோடு புகழ்பெற்ற பதிப்பகக் குடும்பத்தைச் சேர்ந்தவரும்கூட. ட்ரெவர்-ரோப்பரின் ஹிட்லர் பற்றிய 1947 நூலையும், டெய்லரின் ஹாப்ஸ்பர்க் முடியரசு பற்றிய 1941 நூலையும் வெளியிட்டது அந்தப் பதிப்பகமே. போட்டியாளர் இருவரையும் எழுத்தாளர்களாகத் தம் குடும்ப நிறுவனத்தின் வழியே அறிந்த ஒருவர் பிரதமராக அமர்ந்து அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கும்.

முந்தைய ஆண்டுதான் சூயஸ் நெருக்கடி நடந்து முடிந்திருந்தது. அப்போது பிரிட்டன் எகிப்தின்மீது நடத்திய படையெடுப்பை டெய்லர் வெளிப்படையாக எதிர்த்தவர். ஆகவே மூன்றாவது விளக்கத்துக்கு ஓரளவு வலு உண்டு. ஆனால் இரண்டாவது விளக்கத்துக்கு டெய்லரே சாட்சி. மான்செஸ்டரில் அவருக்கு மூத்தவராக இருந்தவரும், ஆக்ஸ்போர்டுக்கு அவரைப் பரிந்துரைத்தவருமான லூயிஸ் நேமியரிடம் இந்த நியமனம் குறித்து யோசனை கேட்கப்பட்டது. பத்திரிகை எழுத்தையும் தொலைக்காட்சியையும் விட்டுவிடுவதாக உறுதி தந்தால் பரிந்துரைப்பதாக நேமியர் கூறினார் என்றும், தாம் மறுத்துவிட்டதாகவும் டெய்லர் 1983-ல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதுகிறார். கால் நூற்றாண்டு நீடித்த அந்த நட்பு அதோடு முறிந்தது. ஒரு தரப்பின் நினைவு என்ற எச்சரிக்கையோடு இதைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒதுக்கிவிட வேண்டாம்.

இங்கே ஒரு நெருடலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ட்ரெவர்-ரோப்பரும் பத்திரிகைகளில் தாராளமாக எழுதியவர்தான். அவர் எழுதிய பத்திரிகைகள் கனவான்கள் படிப்பவை. டெய்லர் எழுதியவை பேருந்தில் படிக்கப்படுபவை. பத்திரிகை எழுத்து என்பதைவிட எந்தப் பத்திரிகை என்பதே ஆக்ஸ்போர்டின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. புலமையை யாரும் குறை சொல்லவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது: 1956-ல் அவர் பிரிட்டிஷ் அகாதெமியின் உறுப்பினரானார், அதே காலத்தில் ஆக்ஸ்போர்டின் மதிப்புமிக்க ஃபோர்டு சொற்பொழிவுகளை நிகழ்த்த அழைக்கப்பட்டு, பிரிட்டனின் வெளியுறவுக் கொள்கையை 1792 முதல் 1939 வரை எதிர்த்து நின்றவர்களைப் பற்றிக் கையில் குறிப்பின்றிப் பேசினார். அதுவே 1957-ல் நூலாயிற்று.

ரீஜியஸ் இருக்கை ஓரியல் கல்லூரியோடு இணைக்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிடைத்திருந்தால், மாணவராகப் படித்த கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பியிருப்பார்.

பழைய வாத்தியார்

பதவி கிடைத்ததா இல்லையா என்ற ஆராய்ச்சியை ஏடகம் ஐயா நன்றாகவே செய்துவிட்டார். நான் வைகறையின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். அம்மா, கட்டுரையின் மையம் 1954 நூலாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மனிதர் எதற்காகப் பேராசிரியராகத் தகுதியுடையவர் என்று கேட்டால் காட்டக்கூடிய நூல் அதுவே. அங்கே அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்ற வழியையும் சற்று விரிவாக எழுதுங்கள்.

அவர் அரசுறவு வரலாற்றாசிரியரானது தற்செயல். ஓரியலில் தேறிய பின், லண்டனில் வழக்கறிஞராக இருந்த மாமாவின் அலுவலகத்தில் சிறிது காலம் இருந்து பார்த்தார்; அது ஒத்துவரவில்லை. 1928-ல் வியன்னாவுக்குச் சென்றபோது அவர் நினைத்திருந்த தலைப்பு, தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட இங்கிலாந்தின் சார்ட்டிஸ்ட் இயக்கம் 1848-ஆம் ஆண்டுப் புரட்சிகளின்மீது செலுத்திய தாக்கம். அது தேறவில்லை. அங்கே அவருக்கு வழிகாட்டியாக வாய்த்த ஏ. எஃப். பிரிப்ராம், ஆஸ்திரியா-ஹங்கேரியின் இரகசிய ஒப்பந்தங்களைப் பதிப்பித்தவர். அரசுறவு ஆவணங்களில் ஊறியவர். அவருடைய நிழலில் டெய்லர் வட இத்தாலியச் சிக்கலைக் கையில் எடுத்தார். 1847 முதல் 1849 வரையிலான மூன்றே ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, இத்தாலியை முன்னிட்டு வல்லரசுகள் ஒன்றோடொன்று நடத்திய கடிதப் போக்குவரத்தை ஆராய்ந்த அந்த முதல் நூல் 1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தது. முனைவர் பட்டம் அவர் வாங்கவே இல்லை. அக்காலத்து ஆக்ஸ்போர்டுத் தலைமுறையில் அது குறையாகக் கருதப்படவும் இல்லை.

மான்செஸ்டரின் எட்டு ஆண்டுகளை வாழ்க்கைக் குறிப்புகள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. ஆனால் பிற்காலத்து டெய்லர் முழுவதும் அங்கேதான் உருவானார். குறிப்பில்லாமல் பேசும் பழக்கம் அங்கே வந்தது. மான்செஸ்டர் கார்டியனுக்கு நூல் மதிப்புரை எழுதத் தொடங்கியதும் அங்கேதான். குறுகிய வாக்கியத்தில் கனமான செய்தியைச் சொல்லும் அந்த நடை பத்திரிகை அலுவலகம் அவருக்குக் கொடுத்த கொடை. அதே நடையைத்தான் பின்னாளில் ஆக்ஸ்போர்டு குற்றமாக எண்ணியது. 1938-ல் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்காக ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1884-85-ல் செய்த முயற்சியைப் பற்றிய இரண்டாவது ஆய்வு நூலும் வந்துவிட்டது. ஆக்ஸ்போர்டுப் பணிக்கான ஒரு நேர்காணலில், உங்களுக்குத் தீவிர அரசியல் கருத்துகள் உண்டாமே என்று கேட்டபோது, கருத்துகள் தீவிரமானவைதான், ஆனால் அவற்றைத் தளர்வாகவே பிடித்திருக்கிறேன் என்று பதிலளித்ததாக அவரே எழுதியிருக்கிறார். நேர்காணலில் அப்படிப் பேசக்கூடிய மனிதரை நினைவில் வைத்துக்கொண்டு 1957-ஐப் படியுங்கள்.

இனி 1954 நூல். அது எழுதப்பட்டதன் பின்னணியில் ஒரு பெரிய பதிப்புப் போர் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு யார் பொறுப்பு என்ற வாதத்தில், ஒவ்வொரு அரசும் தன் வெளியுறவு ஆவணங்களை அச்சிட்டு உலகின் முன் வைத்தது. ஜெர்மனி 1922-க்கும் 1927-க்கும் இடையே 40 தொகுதிகளை, 54 புத்தகங்களாக வெளியிட்டது. பிரிட்டன் 1926 முதல் 1938 வரை 11 தொகுதிகள் கொண்டுவந்தது. ஆஸ்திரியா 1930-ல் எட்டுத் தொகுதிகளில் 1908-14 காலத்தை வெளியிட்டது. பிரான்ஸ் 1929-ல் தொடங்கியது. டெய்லர் எழுதி முடித்தபோதும் அந்த வரிசை முடிந்திருக்கவில்லை. ஒவ்வொரு அரசும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அச்சிட்ட இந்தக் குவியலை, பல மொழிகளில் ஒருசேரப் படித்து, ஒன்றால் மற்றொன்றைச் சரிபார்த்து, எழுபது ஆண்டு ஐரோப்பிய அரசியலை ஒரே கதையாக எழுதிய சாதனைதான் அந்த நூல்.

நூலகத்தில் அதை எடுத்தால் முதலில் அடிக்குறிப்புகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு தூதர், ஒரு வெளியுறவு அமைச்சர், ஒரு தேதி, ஒரு தொகுதி, ஓர் ஆவண எண் மட்டுமே இருக்கும். யார் யாருக்கு எந்த நாளில் எழுதினார் என்பதே அந்த நூலின் அச்சாணி. ஒரு தூதர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து எழுதிய கடிதம் பெர்லினுக்குப் போய்ச் சேருவதற்குள் லண்டனில் நிலைமை மாறிவிட்டது என்பதை அந்தத் தேதிகளை ஒப்பிட்டே அவர் கண்டுபிடிக்கிறார். முன்னுரைப் பகுதியில் மக்கள்தொகை, நிலக்கரி, எஃகு உற்பத்தி முதலியவற்றுக்கு நாடுவாரியான அட்டவணைகள் தந்திருக்கிறார். அவற்றை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டே படித்தால், யாருடைய மிரட்டலுக்குப் பின்னால் சரக்கு இருந்தது, யாருடையது வெறும் வாய்ச்சவடால் என்பது விளங்கும். நான் வகுப்பில் அந்த அட்டவணைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவது வழக்கம்.

பிஸ்மார்க்கை முன்கூட்டியே எல்லாவற்றையும் திட்டமிட்ட மகா சாணக்கியராகப் பார்க்கும் மரபை அவர் உடைத்தார். வந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு, பின்னர் அதைத் திட்டம் என்று சொல்லிக்கொண்டவராக அவருக்கு பிஸ்மார்க் தோன்றினார். அடுத்த ஆண்டே பிஸ்மார்க் வாழ்க்கை வரலாற்றையும் அந்தக் கோணத்தில் எழுதினார்.

மறுபக்கம்

வாத்தியார் ஐயாவின் மதிப்பீட்டில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் இந்த உரையாடல் டெய்லரை ஒரு தியாகியாக்கும் திசையில் போவதைக் கண்டு சில சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, 1963. தோற்றுவாய் நூலுக்காக ஆக்ஸ்போர்டு அவரைப் பணிநீக்கம் செய்தது என்ற கதை இன்றும் இணையத்தில் உலவுகிறது. நடந்தது வேறு. 1953-ல் அவர் சர்வதேச வரலாற்றுக்கான சிறப்பு விரிவுரையாளராக நியமிக்கப்பட்டார். வாரந்தோறும் மாணவர்களுக்குத் தனிப்பாடம் எடுக்கும் சுமையைக் குறைத்து ஆய்வுக்கு நேரம் தரும் பதவி அது. அது காலவரையறை உடையது; பத்தாண்டு முடிந்ததும் நீட்டிக்கப்படவில்லை. மாக்டலன் கல்லூரியின் உறுப்பினராக அவர் 1976 வரை தொடர்ந்தார். பல்கலைக்கழகம் பெருந்தன்மையாக நடந்துகொண்டது என்று நான் சொல்லவில்லை. காலை எட்டரை மணிக்கு வைத்தும் அரங்கு நிரம்பி வழிந்த விரிவுரையாளருக்கு விதியைக் காட்டி விடைகொடுத்தது சின்னத்தனம்தான். ஆனால் பணிநீக்கம் என்று எழுதினால் உங்கள் கட்டுரையைத் திருத்துபவர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.

இரண்டாவது, 1961 நூலை ஓரமாக வைத்துவிட முடியாது. ஏனென்றால் 1954-ல் வெற்றி பெற்ற அதே முறைதான் 1961-ல் சறுக்கியது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் டெய்லரின் புலமையை எடைபோட முடியாது.

ஹோஸ்பாக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். 1937 நவம்பர் 5 அன்று ஹிட்லர் போர் அமைச்சர் ப்ளோம்பெர்க், வெளியுறவு அமைச்சர் நாய்ராட், தரைப்படைத் தளபதி ஃப்ரிட்ச், கடற்படைத் தளபதி ரெய்டர், விமானப் படையின் கோரிங் ஆகியோரை அழைத்து நெடுநேரம் பேசினார். இராணுவ உதவியாளரான ஹோஸ்பாக் ஐந்து நாள் கழித்து நினைவிலிருந்து அதை எழுதிவைத்தார். ஆஸ்திரியாவையும் செக்கோஸ்லோவாகியாவையும் கைப்பற்றுவது பற்றி அதில் பேச்சு இருக்கிறது. போருக்குப் பின் நாஜித் தலைவர்கள்மீது நடந்த நியூரெம்பர்க் விசாரணையில் இது போர்ச் சதிக்கான தலைமைச் சான்றாக வைக்கப்பட்டது. டெய்லர் என்ன செய்தார்? ஒரு ஆவணத்தை எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்டார்: இந்தக் கூட்டம் ஏன் கூடியது, யார் இல்லை, யாரை மடக்க இது பேசப்பட்டது? ஆயுதச் செலவை எதிர்த்த பொருளாதார அமைச்சர் ஷாக்டைத் தனிமைப்படுத்துவதற்கான உள்நாட்டுக் காய்நகர்த்தல் என்று முடிவு கட்டினார். கேள்வி அருமையானது. விடையில்தான் குறை. கூட்டத்தின் உடனடி நோக்கம் எதுவாயினும், ஆயுதம் எதற்கு என்ற வினா அப்படியே நிற்கிறது. அந்த வினாவுக்கு விடை தூதர்களின் கடிதங்களில் இல்லை.

1964-ல் வரலாற்றாசிரியர் டிம் மேசன் எழுதிய மறுப்பு இந்த இடத்தைத்தான் தொட்டது. நாஜி இயக்கத்தின் உள்ளியல்பு, அதன் பொருளாதாரம், 1936-ல் தொடங்கிய நான்காண்டுத் திட்டம் இவற்றையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, வெளியுறவு அமைச்சகங்களுக்கு இடையிலான கடிதப் பரிமாற்றத்தை மட்டும் கொண்டு 1939-ஐ விளக்க முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். பிஸ்மார்க்கின் ஐரோப்பாவில் தூதர்கள் உண்மையிலேயே அரசியல் நடத்தினார்கள். ஹிட்லரின் ஜெர்மனியில் தூதர்களுக்குத் தெரியாமல் பலவும் நடந்தன. சந்தர்ப்பம் பார்த்துக் காய் நகர்த்தும் பிஸ்மார்க்கைக் கண்டுபிடித்த கண், ஹிட்லரிடமும் அதையே தேடிக் கண்டுபிடித்தது.

வைகறை

மூவருக்கும் நன்றி. மறுபக்கம் அவர்கள் கூறிய தொடர்ச்சி எனக்கு மிகவும் பயன்படும். இரண்டு துணைக் கேள்விகள் மட்டும். 1961-ல் டெய்லர் பார்த்திருக்கக்கூடிய ஆவணங்கள் எவை, பார்க்க முடியாமல் போனவை எவை? அடுத்து, ட்ரெவர்-ரோப்பர் அந்த நூலைத் தாக்கி எழுதியதற்கும் 1957 நியமனத்துக்கும் முடிச்சுப் போடுவது சரியாகுமா? என் நெறியாளர் அதைப் பழிக்குப் பழி என்றே பார்க்கிறார்.

ஏடகம்

முதல் கேள்விக்கு விடை எளிது. பிரிட்டனின் 1958-ஆம் ஆண்டு ஆவணச் சட்டப்படி அரசு ஆவணங்கள் ஐம்பது ஆண்டுகள் மூடியிருந்தன. 1967-ல்தான் அது முப்பதாகக் குறைக்கப்பட்டது. எனவே 1961-ல் எழுதியவர் எவராயினும், லண்டனின் 1930-களைப் பற்றி அமைச்சரவைக் குறிப்புகளைப் பார்க்க வழியே இல்லை. பிரிட்டிஷ், ஜெர்மானிய வெளியுறவு ஆவணங்களின் அச்சுத் தொகுதிகள், நியூரெம்பர்க் ஆவணங்கள், அரசியல்வாதிகளின் நினைவுக் குறிப்புகள் இவைதாம் கைவசம் இருந்தவை. ஆகவே அச்சில் வந்த ஆவணங்களோடு நின்றுவிட்டார் என்று அவரைக் குறை கூறுவது பொருந்தாது. அச்சில் வந்தவற்றுள் எவற்றுக்கு எடை கொடுத்தார் என்று கேட்பதே பொருந்தும். 1963 பதிப்பில் அவர் சேர்த்த மறுசிந்தனை முன்னுரையையும் தவறாமல் படியுங்கள். அதில் அவர் பெரிதாக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவது கேள்வியில் உங்கள் நெறியாளரோடு நான் முழுவதும் உடன்பட முடியவில்லை. ட்ரெவர்-ரோப்பருக்குப் பதவி கிடைத்துவிட்டது. பழி வாங்க அவருக்கு என்ன தேவை? அவர் ஹிட்லரின் இறுதி நாள்களை 1945-ல் உளவுத்துறை அதிகாரியாக நேரில் ஆராய்ந்தவர். ஹிட்லருக்குத் தெளிவான, நீண்டகாலத் திட்டம் இருந்தது என்பதில் அவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது. 1961 ஜூலையில் எண்கவுண்டர் இதழில் அவர் எழுதிய மறுப்பு அந்த நம்பிக்கையிலிருந்து வந்தது. அதன் முடிவில், இந்த நூல் டெய்லர் என்ற வரலாற்றாசிரியரின் நற்பெயருக்குக் கேடு விளைவிக்கும் என்றார். டெய்லர் அதே இதழில் தந்த பதில் ஒரு வகுப்பறைப் பயிற்சி போல அமைந்தது: தம் நூலில் தாம் எழுதிய வாக்கியங்களை ஒரு பக்கமும், ட்ரெவர்-ரோப்பர் அவற்றை எடுத்தாண்ட விதத்தை மறுபக்கமும் வைத்துக் காட்டினார். கடைசியில், மேற்கோள் காட்டும் இந்த முறை அந்தப் பேராசிரியரின் நற்பெயருக்கும் கேடு செய்யக்கூடும், அப்படி ஒன்று அவருக்கு இருந்தால், என்று முடித்தார். பகை இருந்தது என்றால், அது இந்த வரியில்தான் தெரிகிறது, எழுதியவர் டெய்லர். ஆனாலும் இருவரும் தொலைக்காட்சியில் எதிரெதிரே அமர்ந்து அதே நூலைப் பற்றி விவாதித்தார்கள்.

பழைய வாத்தியார்

ஒரு சிறு சேர்க்கை. பேராசிரியர் பதவி இல்லாமல் போனதால் அவர் பணி குன்றியதா என்பதையும் கட்டுரையில் கேட்க வேண்டும். 1965-ல் ஆக்ஸ்போர்டு இங்கிலாந்து வரலாற்று வரிசையின் கடைசித் தொகுதியாக 1914-1945 காலத்தை எழுதினார். பரவலாகப் படிக்கப்பட்டது அது. 1969-ல் முதல் உலகப் போர் வெடித்ததற்கு இரயில்வே அட்டவணைகளோடு பிணைந்த படைதிரட்டல் திட்டங்களே காரணம் என்ற சிறு நூலைத் தந்தார். அந்த நூலை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. சாமர்த்தியம் மிகுதி, பொறுமை குறைவு.

நான் மதிப்பது வேறொன்று. 1967 முதல் 1975 வரை லண்டனில் இருந்த பீவர்புரூக் நூலகத்தின் இயக்குநராக இருந்தார். முன்னாள் பிரதமர்களான லாயிட் ஜார்ஜ், போனர் லா ஆகியோரின் தாள்கள் அங்கே இருந்தன. அங்கே இளம் ஆய்வாளர்களைக் கூட்டி அவர் நடத்திய ஆய்வரங்கின் விளைவாக லாயிட் ஜார்ஜைப் பற்றிய பன்னிரண்டு கட்டுரைகள் 1971-ல் நூலாயின. பல்கலைக்கழகம் தராத இருக்கையை ஒரு பத்திரிகை முதலாளியின் பெயரிலிருந்த நூலகம் தந்தது. ஆனால் அதற்கும் விலை இருந்தது: அந்த முதலாளியைப் பற்றி டெய்லர் 1972-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் நட்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது. ஓய்வுக்குப் பின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் அவரை வருகைப் பேராசிரியராக அழைத்தது. அப்போது வயது எழுபது.

மறுபக்கம்

ஒப்பீட்டுக்கு இன்னும் இரண்டு பெயர்களைச் சேர்த்துக்கொண்டால் கட்டுரைக்கு ஆழம் கூடும். டெய்லரின் 1954 நூல் வெளிவந்த அதே ஆக்ஸ்போர்டு வரிசையில், அதற்கு முந்தைய காலமான 1763-1848-ஐ எழுதியவர் அமெரிக்கரான பால் ஷ்ரோடர். அது 1994-ல் வந்தது. லூத்தரன் சமயப் பயிற்சியிலிருந்து வரலாற்றுக்கு வந்தவர் அவர். டெக்சாஸில் முனைவர் பட்டம் பெற்றார். 1963 முதல் 1990-களின் பிற்பகுதி வரை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அமைதியாகப் பணியாற்றினார். தொலைக்காட்சி இல்லை, நாளிதழ்ச் சண்டை இல்லை. டெய்லருக்கு ஐரோப்பிய அமைதி என்பது வல்லரசுகளின் எடை ஒன்றையொன்று சமன் செய்ததால் கிடைத்தது. ஷ்ரோடரோ 1815-க்குப் பின் வந்த அமைதிக்குக் காரணம் எடைச் சமநிலை அல்ல, அரசுகள் தாமே ஏற்றுக்கொண்ட புதிய விதிகளும் கட்டுப்பாடுகளும்தாம் என்று வாதிட்டார். ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தொகுதிகள், அடிப்படையிலேயே ஒன்றையொன்று மறுக்கின்றன.

மற்றொருவர் ஸாரா ஸ்டைனர். கேம்பிரிட்ஜின் நியூ ஹால் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். அதே வரிசையில் இரு போர்களுக்கும் இடைப்பட்ட ஐரோப்பிய அரசியலை 2005-லும் 2011-லும் இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதினார். டெய்லருக்கு மூடியிருந்த பிரிட்டிஷ் ஆவணங்கள் அவருக்குத் திறந்திருந்தன. ஹோஸ்பாக் கூட்டத்தையும் 1938 மியூனிக் உடன்படிக்கையையும் டெய்லர் எழுதிய அத்தியாயங்களோடு அவருடைய இரண்டாம் தொகுதியின் அதே பகுதிகளை வைத்துப் படித்தால், ஐம்பது ஆண்டில் இந்தத் துறை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது, எவ்வளவு நகரவில்லை என்பது உங்களுக்கே புலப்படும். இரண்டாம் தொகுதி ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். முழுவதையும் படிக்க உங்களுக்கு இந்தப் பருவத்தில் நேரம் இருக்காது. ஆகவே 1937 நவம்பர் முதல் 1938 செப்டம்பர் வரையிலான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நூல்களின் அடிக்குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.